கொடிக்கயிற்றில் தேன்சிட்டுக் கூடு: என்ன செய்யலாம், எதைத் தொடக்கூடாது?

கேள்வி (கொல்லைப்புறம்):
கும்பகோணம் பக்கம் கிராமம். பங்குனி பிறந்ததும் கொல்லையில் வேம்பு பூத்துக் கொட்டுகிறது, செம்பருத்தியும் அப்படித்தான். துணி காயப்போடும் கொடியில், ஆள் உயரத்தில், தேன்சிட்டு ஒன்று கூடு கட்டி முடித்தது. மூன்று நாளாக ஆளைக் காணோம். விட்டுப் போய்விட்டதா? பூனை நடமாட்டம் உண்டு. வேப்பம்பூவும் எடுக்கவேண்டும்.

வேப்பங்காற்று:
போய்விட்டது என்று முடிவுகட்டாதீர்கள். கூடு முடிந்தபின் முட்டையிடச் சில நாள் இடைவெளி விழுவது வழக்கம். இந்த நேரத்தில் கயிற்றை அவிழ்த்துவிடுவதுதான் அடிக்கடி நடக்கிற தவறு. துணிக்கு வேறு கொடி கட்டிக்கொள்ளுங்கள். ஈரத்துணியின் பாரத்தில் கயிறு குலுங்கினால் முட்டை மோதி உடையும். பெரும்பாலும் இரண்டு முட்டை. பெட்டை மட்டும் ஏறக்குறைய 15 நாள் அடைகாக்கும். பொரிந்தபின் குஞ்சுகள் இன்னும் இரண்டரை வாரம் கூட்டில் இருக்கும், அப்போது ஆணும் இரை கொண்டுவரும். ஆக, முதல் முட்டையிலிருந்து ஐந்து வாரம் அந்தக் கொடி அதற்குத்தான்.

பார்ப்பதற்கு 15 அடி தள்ளி, கூட்டின் வாசல் பக்கவாட்டில் தெரியும்படி உட்காருங்கள். கூட்டின் பக்கச் சுவரில் சின்ன ஓட்டை, அதன்மேல் தாழ்வாரம் போல ஒரு நீட்டல். நாரும் மரப்பட்டைத் துணுக்கும் புழு எச்சமும் சிலந்தி நூலால் ஒட்டியிருக்கும். பெட்டை உள்ளே இருந்தால் ஓட்டையில் வளைந்த அலகு தெரியும். காலை எட்டரைக்குள் பாருங்கள். இரையோடு வந்த பறவை உள்ளே நுழையாமல் பக்கத்துக் கிளையில் கத்திக்கொண்டே இருந்தால், நீங்கள் அதிகம் நெருங்கிவிட்டீர்கள்.

இன்னொன்று, இப்போதைக்கு ஒட்டடை அடிக்காதீர்கள். கூடு ஒட்டி நிற்பதே ஒட்டடையிலுள்ள சிலந்தி நூலில்தான்.

மருதமரம்:
பூனையைவிட எறும்புதான் ஆபத்து. கயிற்றின் இரு முனையிலும் கிரீஸ் தடவுங்கள், ஏறாது.

வேப்பங்காற்று:
கயிற்றில் கிரீஸ் கூடவே கூடாது. பறவை அதே கயிற்றில் வந்து உட்காரும்; இறகில் ஒட்டினால் பறக்க முடியாது. வேப்பெண்ணெயில் நனைத்த துணியைக் கம்பத்தில், கயிறு கட்டிய இடத்துக்கு இரண்டடி கீழே சுற்றுங்கள். காய்ந்ததும் மறுபடி நனைக்கவேண்டும். பூனைக்கு, கம்பத்தைச் சுற்றி இரண்டடி அகலத் தகரம். பக்கத்தில் ஏறிக் குதிக்க விறகடுக்கு இருந்தால் தகரத்தால் பயனில்லை, முதலில் அடுக்கை நகர்த்துங்கள்.

வேப்பம்பூவுக்குக் கிளையை உலுக்கவேண்டாம், அந்த மரத்திலும் கூடு இருக்கலாம். இரவே அடியில் வேட்டியை விரித்துவிட்டால் விடியற்காலை உதிர்ந்த பூ பச்சடிக்குப் போதும். செம்பருத்தியின் அடிப்பக்கம் ஓட்டை தெரிந்தால் பூச்சி என்று மருந்து அடித்துவிடாதீர்கள். தேன்சிட்டு அங்கே குத்தித்தான் தேன் எடுக்கும். குஞ்சுக்கு ஊட்டுவதோ சிலந்தியும் பூச்சியும்; மருந்து அதன் வயிற்றுக்கே போகும்.

கொல்லைப்புறம்:
நன்றிங்க. குஞ்சு கீழே விழுந்தால்?

மருதமரம்:
இறகு முளைக்காததென்றால் கூட்டிலேயே வைத்துவிடுங்கள். கை பட்டால் தாய் ஒதுக்கும் என்பது உண்மையில்லை. இறகு முளைத்ததைப் பக்கத்துச் செடியில் உயரமாக வைத்துவிட்டு விலகுங்கள், தாய் தேடி வந்து ஊட்டும். வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும்.