இழை: இரண்டு மருந்து, ஒரே டியூப் – என்ன சொல்?

நெய்தல்:
அன்பர்களே, சொரியாசிஸ் என்னும் தோல் நோய் உள்ளவர்களுக்கான துண்டறிக்கை நாளைக் காலை அச்சுக்குப் போகிறது. கால்சிபோட்ரியால், பீட்டாமெத்தசோன் என்ற இரண்டு மருந்தும் ஒன்றாக வரும் களிம்புக்குக் 'கூட்டுக்களிம்பு' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

பைந்தமிழ்:
கூட்டு என்றால் பூசணிக்காய்தான் நினைவுக்கு வருகிறது. அது போகட்டும், 'களிம்பு' தகுமா? செம்பில் ஏறும் களிம்பை, உயிரைப் பற்றிய அழுக்கான ஆணவ மலத்துக்கு உவமையாகச் சொல்வது சைவ சித்தாந்தம். மலத்துக்கு உவமையானது மருந்துக்குப் பெயரா? 'இணைசாந்து' என்க. வினைத்தொகை, ஒற்று மிகாது. 'சொரியாசிஸ்' மட்டும் எதற்கு? சித்த மருத்துவத்தில் 'காளாஞ்சகப்படை' இருக்கிறதே.

மருதம்:
ஐயா, சாந்து என்றால் எங்கள் ஊரில் கொத்தனார் வந்து நிற்பார். காளாஞ்சகப்படை என்று எழுதினால் நோயாளி தனக்குப் புதிதாக இன்னொரு நோய் வந்ததாகப் பயப்படுவார். மருந்துக்கடையில் 'ஆயின்மென்ட்' என்றுதான் கேட்கிறார்கள். களிம்பு வரைக்கும் இறங்கி வந்ததே பெரிது.

கற்றாழை:
தோல் மருத்துவராகச் சொல்கிறேன், 'கூட்டு' வேண்டாம். படிப்பவர் தாமே இரண்டு டியூபை உள்ளங்கையில் பிதுக்கிக் குழைப்பார். சாலிசிலிக் அமிலக் களிம்போடு குழைத்தால் கால்சிபோட்ரியால் சிதைந்துவிடும். அதற்குக் காரத்தன்மை வேண்டும், பீட்டாமெத்தசோனுக்கோ அமிலத்தன்மை. அதனால்தான் நீரே சேராத அடிப்பொருளில் இரண்டையும் ஆலையிலேயே சேர்க்கிறார்கள். ஒரு கிராமில் முன்னது 50 மைக்ரோகிராம், பின்னது 0.5 மில்லிகிராம். ஒன்று தோல் செல்கள் மளமளவென்று பெருகுவதை அடக்கும், மற்றது அழற்சியைத் தணிக்கும். ஒன்றையொன்று கெடுக்காது.

பைந்தமிழ்:
ஆகா! அப்படியானால் இலக்கணப்படி இது இயல்புப் புணர்ச்சி, இரண்டு சொல் மாறாமல் சேர்வது போல. சாலிசிலிக்கோடு சேர்ந்தால் விகாரம். தோன்றல், திரிதல், கெடுதலில் மூன்றாவது. 'புணர்களிம்பு' என்றே வைக்கலாம்.

மருதம்:
வைத்துப் பாருங்கள். வேறு நோய்க்கு மருந்து என்று வாங்கிப் போவார்கள்.

கற்றாழை:
'இருமருந்துக் களிம்பு' போதும். கீழே "வீட்டில் வேறு எதையும் இதோடு கலக்காதீர்கள்" என்று பெரிய எழுத்தில் போடுங்கள். நாளுக்கு ஒரு முறை என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

மருதம்:
எனக்குச் சம்மதம். நுரையாகவும் ஜெல்லாகவும் வருவதையும் களிம்பு என்பீர்களா?

நெய்தல்:
அண்ணே, இந்த அறிக்கையில் களிம்பு மட்டும்தான். நுரையை அடுத்த பதிப்பில் பார்ப்போம். 'இருமருந்துக் களிம்பு' என்றே அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன்.

பைந்தமிழ்:
அனுப்புங்கள். 'இருமருந்து' என்பதை வேகமாகப் படித்தால் இருமல் மருந்து போல ஒலிக்கிறது. சாந்தை நான் இன்னும் கைவிடவில்லை.