புதுப்பிப்பு: ஆர்கேட் பெட்டி ஓடத் தொடங்கிவிட்டது

வீட்டுப் பிள்ளைகளுக்காக ஓர் ஆர்கேட் பெட்டி, அதாவது பழைய வீடியோ கேம்களை நின்று ஆடும் பெட்டி, கட்டுகிறேன். அதற்கு எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையா பிளைவுட்டா, ஆட்டத்தை இயக்கும் கைப்பிடியான ஜொய்ஸ்டிக் எத்தனை என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

பலகை: ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட். வெள்ளவத்தைக் கடற்காற்றில் எம்டிஎஃப் ஊதிவிடும். விலை கையைக் கடித்தது, பரவாயில்லை.

ஜொய்ஸ்டிக்தான் பெரிய கதை. பேய்களுக்குத் தப்பிப் புதிர்ப்பாதையில் ஓடும் ஆட்டமான, 1980இல் வந்த பேக்-மேனுக்கு நாலு திசை போதும். எட்டுத் திசை ஸ்டிக்கில் கை கொஞ்சம் சரிந்தாலே திருப்பத்தில் ஆள் தடுமாறுவார், பேய் பிடித்துவிடும். ஆனால் 1991இன் சண்டை ஆட்டமான ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2க்கு எட்டுத் திசையும் ஆளுக்கு ஆறு பட்டனும் வேணும். சன்வா நிறுவனத்தின் ஜேஎல்எஃப் ஸ்டிக்கில், அசைவைக் கட்டுப்படுத்தும் அடித்தகட்டை 45 பாகை திருப்பினால் நாலு திசையாகும் என்று ஒருவர் சொன்னது உண்மைதான். ஒவ்வொரு தடவையும் பெட்டியைத் திறக்க யாருக்குப் பொறுமை? ஆகவே இரு பக்கமும் எட்டுத் திசை, நடுவில் நிரந்தரமாக ஒரு நாலு திசை.

பேக்-மேன் திரை நிமிர்ந்தது, 224×288 புள்ளிகள். படுக்கை மொனிட்டரில் இரண்டு பக்கமும் கறுப்பாக நிற்கும். அதில் கோலம் போடலாமாம், மகளின் யோசனை.

திரையில் மின்னல் அடையாளம் ஏன் வருகிறது என்று கேட்டவருக்கு: அது மின்சாரம் போதவில்லை என்ற எச்சரிக்கை. பெட்டியை இயக்கும் சிறு கணினியான ராஸ்பெரி பை 4க்கு 5 வோல்ட், 3 அம்பியர் வேணும். சாதாரண ஃபோன் சார்ஜர் காணாது.

அம்மம்மாவை இப்போது பெட்டியை விட்டு எழுப்புவதுதான் கஷ்டம்.

மேல்விளக்கு மட்டும் மிச்சம். எல்ஈடி பட்டி பார்க்கச் சனிக்கிழமை புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகிறேன்.