புதுச் சவரக்கத்தி முடியை இழுக்கிறது, அவசரம்

பாலக்கோட்டான்: வணக்கம். மடக்குகிற சவரக்கத்தி ஒன்று வாங்கினேன். தினமும் வாரில் (கத்தி தீட்டும் பட்டை) தீட்டுகிறேன், ஆனாலும் முடியை வெட்டாமல் இழுக்கிறது. கழுத்தெல்லாம் எரிச்சல். ஞாயிற்றுக்கிழமை மச்சானுக்கு நிச்சயதார்த்தம். சீக்கிரம் யாராவது வழி சொல்லுங்கள்.

மத்தூர் மைனர்: என்ன கத்தி? பழசா, புதுசா? என்ன விலை? வார் தோலா, துணியா? ஒன்றையும் சொல்லாமல் வழி கேட்டால் எப்படி?

ஓசூர் நைட் ஷிஃப்ட்: தண்ணீர்தான் காரணம். உங்கள் பக்கத்து போர் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், சோப்பு நுரைக்கவே நுரைக்காது. கேன் தண்ணீரில் சவரம் செய்து பாருங்கள்.

சாணைக்கல்: பழைய பதிவுகளைத் தேடிப் படிக்கும் பழக்கம் இங்கே யாருக்கும் கிடையாது போல. வார் கத்தியைக் கூராக்காது ஐயா. இருக்கிற கூரை நேராக்கி வைக்கும், அவ்வளவுதான். கூரே இல்லாத கத்தியைத் தீபாவளி வரை தீட்டினாலும் தோல்தான் தேயும். முதலில் கல், அப்புறம்தான் வார்.

பாலக்கோட்டான்: ஆன்லைனில் வாங்கியது, 450 ரூபாய். பிராண்டு இல்லை, 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்திருக்கிறது. வார் தனியாக வாங்கவில்லை. அப்பாவின் பெல்ட்டை ஜன்னல் கம்பியில் மாட்டித் தீட்டுகிறேன்.

மத்தூர் மைனர்: சரியாப் போச்சு. பெல்ட்டில் தையல் இருக்கிறதா? மேலே பளபளப்புப் பூச்சு?

பாலக்கோட்டான்: இரண்டும் உண்டு.

அரூர் சலூன்: தம்பி, நான் கடை வைத்திருப்பவன். இப்போது கடையில் அரை பிளேடு மாட்டும் கத்திதான், ஆனாலும் அப்பா காலத்து வார் இன்னும் சுவரில் தொங்குகிறது. தையல் இல்லாத வழவழப்பான தோலாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு முனையை ஆணியில் மாட்டி மறுமுனையை விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் கூர் உருண்டுவிடும். கத்தியைப் படுக்கையாக வைத்து, முதுகு முன்னே போக, கூர் பின்னால் வரட்டும். முதுகு தோலை விட்டு எழும்பவே கூடாது. கடைசியில் முதுகின் மேலேயே புரட்டித் திருப்ப வேண்டும். கூர்ப்பக்கமாகப் புரட்டினால் வாரும் கிழியும், கத்தியும் கெடும். அழுத்தம் வேண்டாம், கத்தியின் கனமே போதும். சத்தம் ஒரே சீராக வந்தால் கை பழகிவிட்டது என்று அர்த்தம்.

சாணைக்கல்: அதெல்லாம் சரி, அந்த 450 ரூபாய்க் கத்தியில் பதமே, அதாவது கூரைத் தாங்கும் உறுதியே, இருக்காது. கல்லில் பிடித்தாலும் ஒரு சவரத்துக்கு நிற்பது சந்தேகம். முதல் கத்தி என்றால் 5/8 அல்லது 6/8 அங்குல அகலம், உருண்டை முனை. கூர்முனை வாங்கினால் காதுமடல் போகும். பழைய ஜெர்மன் சோலிங்கன் கத்தி கிடைத்தால் யோசிக்காமல் எடுக்கலாம், கூரை ஒட்டித் துருக்குழி மட்டும் இருக்கக் கூடாது. தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். சக்கரச் சூட்டில் மிச்சப் பதமும் போய்விடும்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்: தண்ணீரைப் பற்றி ஒருவரும் பேச மாட்டேன் என்கிறீர்களே.

காரிமங்கலம் கெமிஸ்ட்ரி: பேசுகிறேன். நுரையைக் கெடுப்பது கால்சியமும் மெக்னீசியமும். ஃப்ளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கும், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது. இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

ஓசூர் நைட் ஷிஃப்ட்: ஆக, போர் தண்ணீரில் நுரை வராது என்று ஒப்புக்கொள்கிறீர்கள்.

காரிமங்கலம் கெமிஸ்ட்ரி: உப்புத் தண்ணீர் என்றால் வராது. நீங்கள் சொன்ன காரணம் தப்பு என்கிறேன்.

மத்தூர் மைனர்: எங்கள் வீட்டில் குடிக்க ஒகேனக்கல், குளிக்க போர். அதே போர் தண்ணீரில்தான் தினமும் சவரம் செய்கிறேன், ஒரு குறையும் இல்லை.

ஓசூர் நைட் ஷிஃப்ட்: உங்களுக்குத் தாடி எவ்வளவு இருக்கும் என்று தெரியாதா?

அரூர் சலூன்: தம்பி பாலக்கோட்டான், இவர்களை விடுங்கள். ஞாயிற்றுக்கிழமைக்குப் பக்கத்து சலூனுக்குப் போய்வாருங்கள். புதுக்கத்தியில் கை பழகும் வரை கன்னத்தோடு நிறுத்துங்கள், கழுத்துக்குப் போக வேண்டாம். வெந்நீர் ஒற்றி முடியை ஊறவிட்டு, கத்தியைச் சுமார் 30 டிகிரி சாய்த்துப் பிடிக்க வேண்டும்.

பாலக்கோட்டான்: சலூனில் முடித்தாச்சு, நிச்சயதார்த்தமும் முடிந்தது. மாமனார் வீட்டுப் பரணில் ஒரு பழைய கத்தி கிடைத்திருக்கிறது, ஜெர்மனி என்று எழுதியிருக்கிறது. நன்றி.

சாணைக்கல்: கூரை ஒட்டித் துரு இருக்கிறதா? படம் போடுங்கள்.

சாணைக்கல்: தம்பி, படம்?