மறு: மறு: ‘செயின் ஆயில்’ – பற்றெண்ணெயா, கம்பியெண்ணெயா?

வணக்கம்.

சங்கிலி ரம்பத்தின் பராமரிப்புக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை ஓரிடத்தில் முட்டி நிற்கிறது. அந்த ரம்பத்துக்கு மூன்று விதமான உயவு, அதாவது தேயாமல் வழுக்க வைக்கும் பொருள், வேண்டும். பெட்ரோலில் கலக்க ஒன்று, பாரிலும் (செயின் சுற்றி ஓடும் நீளத் தகடு) செயினிலும் ஓட ஒன்று, நுனிச் சக்கரத்துக்கும் கிளட்ச் பேரிங்குக்கும் வைக்க ஒன்று. முதலாவதைக் கடைக்காரர் ‘டூ-டி ஆயில்’ என்கிறார், மூன்றாவது கிரீஸ். நடுவில் இருப்பதுதான் சிக்கல். ‘செயின் ஆயில்’ என்பதை ‘சங்கிலி எண்ணெய்’ என்று மாற்றிப் போட்டுவிட்டுப் போகலாமா, வேறு சொல் ஆக்க வேண்டுமா?

– கையேட்டுக்காரர்

* * *

> ‘சங்கிலி எண்ணெய்’ என்று மாற்றிப் போட்டுவிட்டுப் போகலாமா

வேண்டாம் ஐயா. பாதி வம்பு அந்தப் பெயரால்தான் வருகிறது. ‘செயின் ஆயில்’ என்று கேட்டால் பைக் செயினுக்கு அடிக்கும் ஸ்பிரேயை எடுத்துக் கொடுக்கும் கடை உண்டு. செயினுக்கு எந்த எண்ணெயும் ஆகும் என்று நினைத்து, வண்டியில் வடித்த கழிவு ஆயிலை ஊற்றுபவர்களும் உண்டு.

இந்த எண்ணெய் செய்ய வேண்டிய வேலை என்ன என்று முதலில் பார்த்துவிடுவோம். முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 பிட்ச் செயின், அதை இழுக்கும் 7 பல் ஸ்பிராக்கெட் (பற்சக்கரம்), நிமிடத்துக்கு 10,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்லுக்கு இரண்டு பிட்ச், அதாவது முக்கால் அங்குலம் வீதம், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 133 மி.மீ. செயின் நகரும், கணக்குப் போட்டால் நொடிக்கு 22 மீட்டர். அதே வேகத்தில் பாரின் மூக்கைச் சுற்றித் திரும்புகிறது. மூக்கின் ஆரம் மூன்றரை செ.மீ. என்றால் அங்கே எண்ணெயை வெளியே எறியும் விசை புவியீர்ப்பைப் போல் ஆயிரம் மடங்குக்கும் மேல். சாதாரண எண்ணெய் அந்தத் திருப்பத்திலேயே தெறித்துப் போய்விடும். பாரின் கீழ்ப்பக்கம், அதாவது மரத்தை அறுக்கும் பக்கம், வறண்டே ஓடும்.

ஆகவே ‘சங்கிலி’ என்பது இடத்தைத்தான் சொல்கிறது. குணத்தைச் சொல்லும் சொல் வேண்டும். ‘ஒட்டெண்ணெய்’ என்று வைக்கலாமே?

– பட்டறை

* * *

‘ஒட்டெண்ணெய்’ என்றால் பசை ஞாபகம் வருகிறது. ஒட்டிக் காய்ந்துவிடும் பொருள் என்று பொருள்படும். இந்த எண்ணெய் காயவே கூடாது. செயின் கணுக்குக் கணு மடங்க வேண்டும்.

நான் ‘பற்றெண்ணெய்’ என்பேன். பற்றிக்கொள்ளும், ஆனால் இறுகாது. எண்ணெய்க்கு அந்தக் குணம் கொடுக்கும் சேர்மானத்தைப் ‘பற்றூட்டி’ எனலாம். பெரும்பாலும் பாலி-ஐசோபியூட்டிலின் என்ற நீண்ட மூலக்கூறுதான் அது, கொஞ்சமே சேர்ப்பார்கள். ‘ஊட்டி’ என்ற ஈறு ஏற்கனவே பழகியது: நிறமூட்டி, சுவையூட்டி.

– சொல்லாக்கம்

* * *

சொல்லாக்கம் ஐயாவுக்கு ஒரு தடை. ‘பற்று’ என்றதும் பட்டறையில் ‘பற்றவைப்பு’தான் நினைவுக்கு வரும். வெல்டிங், இல்லையென்றால் தீ. பெட்ரோல் கேனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் கேனில் ‘பற்றெண்ணெய்’ என்று எழுதினால், தீப்பற்றும் எண்ணெய் என்றுதான் ஒருவர் படிப்பார்.

சமையற்கட்டில் இதற்குச் சொல் தயாராக இருக்கிறது. ஒரு சொட்டைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து மெல்லப் பிரியுங்கள். நல்ல பார் ஆயில் என்றால் நூல் இழுக்கும். இரண்டு விரற்கடை தூரம் அறுபடாமல் வரும், பிறகு நடுவில் மெலிந்து, அறுந்து, இரு பக்கமும் சுருண்டு ஒட்டிக்கொள்ளும். பலகாரத்துக்குப் பாகு காய்ச்சுபவர்கள் பார்க்கிற அதே கம்பிப் பதம். என்ஜின் ஆயிலில் அதே சோதனையைச் செய்தால் விரல் வழுக்கும், கம்பி வராது. ‘கம்பியெண்ணெய்’ என்று வைத்தால் சொல்லே சோதனையைச் சொல்லிக்கொடுத்துவிடும்.

– குன்னூரிலிருந்து

* * *

கம்பிப் பதம் என்ற ஒப்புமை அருமை. ஆனால் ‘கம்பியெண்ணெய்’ என்றால் இரும்புக் கம்பிக்குப் பூசும் எண்ணெய் ஆகிவிடும். ‘இழையெண்ணெய்’ என்றும் யோசித்தேன். தச்சர் மரத்தை ‘இழைப்பவர்’. மரம் அறுக்கும் கருவிக்கு அந்தப் பெயர் வைத்தால் இழைப்புளிக்குத் தடவும் எண்ணெய் என்றே எடுத்துக்கொள்வார்கள். வேறு துறை என்றால் இரண்டுமே தாக்குப்பிடித்திருக்கும்.

அந்தக் குணத்துக்கு மட்டும் ‘கம்பிப்பதம்’ என்று பெயர் வைப்போம். எண்ணெயின் பெயர் வேறாக இருக்கட்டும்.

ஒரு எச்சரிக்கையும் சேர்க்க வேண்டும். கம்பிப்பதத்தை வைத்து மட்டும் எண்ணெய் வாங்கக் கூடாது. பாகுநிலையையும், அதாவது எண்ணெயின் கனத்தையும், பார்க்க வேண்டும். கேனில் இருக்கும் கனக் குறி ஐஎஸ்ஓ விஜி 100 என்றால் 40 டிகிரி வெப்பத்தில் 100 சென்டிஸ்டோக். சமவெளியின் சித்திரை வெயிலுக்கு 150 வரை போகலாம். நீலகிரியில் உறைபனி விழும் தை மாதக் காலையில் 150 போட்டால் பம்பு இழுக்காது. 68 அல்லது 100 போதும். விஜி 100 என்பது ஏறத்தாழ எஸ்ஏஇ 30 என்ஜின் ஆயிலின் கனம், 150 என்பது எஸ்ஏஇ 40. பார் ஆயில் கிடைக்காத ஊரில் அவசரத்துக்குப் புது எஸ்ஏஇ 30 ஊற்றி ஓட்டலாம். எண்ணெய் வரும் அளவை மாற்றும் திருகைக் கூட்டி வைத்து, சீக்கிரம் தீரும் என்று தெரிந்தே ஓட்ட வேண்டும்.

கழிவு ஆயில் வேறு கதை. அதில் உலோகத் துகள், எரிந்த கரி, அமிலம் எல்லாம் இருக்கும். வடிகட்டி அடைக்கும், பம்பின் புழுப் பற்சக்கரம் தேயும். எல்லாவற்றுக்கும் மேல், செயின் தெறிக்கும் எண்ணெய் அறுப்பவரின் கையிலும் முகத்திலும்தான் விழுகிறது. கழிவு ஆயில் தோலுக்குப் புற்றுநோய்க் கேடு.

– சொல்லாக்கம்

* * *

வணக்கம். நாங்கள் இஞ்சை சங்கிலி வாள் எண்டுதான் சொல்லுறது. ரம்பம் எண்டால் எங்கட பக்கத்துப் பொடியளுக்கு விளங்காது. ஒயில், கிறீஸ் எண்டு எழுதுவம். அது ஒரு பக்கம் கிடக்கட்டும்.

‘மசகு’ எண்ட சொல்லை எண்ணெய்க்கு வைக்க வேண்டாம் எண்டு முதலே சொல்லிவிடுறன். எங்கட பத்திரிகைகளில் மசகெண்ணெய் எண்டால் கச்சா எண்ணெய். “மசகெண்ணெய் விலை ஏறிவிட்டது” எண்டு ஒவ்வொரு கிழமையும் வரும்.

‘பற்றெண்ணெய்’ எனக்குப் பிடிச்சிருக்கு. முன்னுக்குச் சங்கிலி எண்டு போட்டால் அந்தத் தீப்பற்றுற பயம் போயிடும்: சங்கிலிப் பற்றெண்ணெய். சங்கிலியைப் பற்றுற எண்ணெய் எண்டு வேற்றுமை உருபு தானாக விரியும்.

– யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

> சங்கிலிப் பற்றெண்ணெய்

இது நிற்கும். ‘அறுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கிறதா’ என்ற சோதனையையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள். எண்ணெய்க்கு எவ்வளவு நல்ல பெயர் வைத்தாலும் துளை அடைத்திருந்தால் பயனில்லை.

ரம்பத்தை ஓடவிட்டு, பாரின் நுனியை வெட்டிய அடிமரத்துக்கோ அட்டைக்கோ ஒரு சாண் உயரத்தில் பிடித்து, அரை திராட்டிலில் சில நொடி நிற்க வேண்டும். வெளிறிய பரப்பில் எண்ணெய் கோடாகத் தெறித்து விழ வேண்டும். விழவில்லை என்றால் டேங்கில் எண்ணெய் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு பாரைக் கழற்றி, அதன் அடியில் இருக்கும் எண்ணெய்த் துளையைக் கம்பியால் குத்தி, செயின் ஓடும் காடியை மெல்லிய தகட்டால் அடியிலிருந்து நுனிக்கு வழித்தெடுங்கள். தூளும் எண்ணெயும் சேர்ந்து அங்கே கறுப்புச் சாந்து போல இறுகியிருக்கும். பெரும்பாலான ரம்பங்களில் பம்பைக் கிளட்ச் டிரம்தான் ஓட்டுகிறது. செயின் சுற்றாமல் நிற்கும்போது எண்ணெய் வராது. அது கோளாறு இல்லை.

ஒரு டேங்க் பெட்ரோலுக்கு ஏறத்தாழ ஒரு டேங்க் பற்றெண்ணெய் தீர வேண்டும். பெட்ரோல் தீர்ந்த பிறகும் எண்ணெய் அப்படியே இருந்தால் ஊட்டம் போகவில்லை என்று அர்த்தம். பாரின் ஓரம் நீலம் பாய்வது, செயின் அறுக்க அறுக்கத் தொங்குவது, காய்ந்த சீமைக்கருவேலத்தில் வைத்ததும் புகைவது – எல்லாம் அதே நோயின் அறிகுறி. (மொக்கைச் செயினும் புகைக்கும். தூள் மாவாக வந்தால் அரம் எடுங்கள். செதிலாக வந்தும் புகைந்தால் எண்ணெயைப் பாருங்கள்.)

இப்படிப் போனது திரும்பி வராத உயவு முறைக்கும் ஒரு சொல் தேவைப்படும்.

– பட்டறை

* * *

‘மீளா உயவு’ போதும். கார் என்ஜினுக்குள் சுற்றிச் சுற்றி வருவது ‘மீள் உயவு’. சங்க நூல்களில் உயவு என்றால் வருத்தம் என்பது தனி வேடிக்கை. வறண்டு ஓடும் பாருக்கு அந்தப் பொருளும் பொருந்தும்.

மீளா உயவு என்று பெயர் வைத்ததும் அடுத்த கேள்வி வந்துவிடுகிறது: ஊற்றியதெல்லாம் மண்ணுக்குத்தான் போகிறது. அதனால்தான் ஆஸ்திரியா 1990களின் தொடக்கத்திலேயே ரம்பச் சங்கிலிக்குக் கனிம எண்ணெயைத் தடை செய்தது. அங்கே கடுகினத்தைச் சேர்ந்த ரேப் விதை எண்ணெயை வைத்துச் செய்கிறார்கள். நம் செக்கு எண்ணெய்களில் எது ஆகும் என்று யாராவது சொல்லுங்கள்.

– சொல்லாக்கம்

* * *

செக்கிலிருந்து நேராக டேங்குக்கு ஊற்றக்கூடியது என்று ஒன்றைக் கூடச் சொல்ல மாட்டேன்.

ஆளிவிதை எண்ணெய் காற்றுப் பட்டால் காய்ந்து படலமாகும். வண்ணப் பூச்சுக்கு அதைத்தான் சேர்க்கிறார்கள். சூரியகாந்தியும் எள்ளும் அவ்வளவு வேகமாக இல்லாவிட்டாலும் அதே வழிதான். ஒரு மாதம் சும்மா வைத்த ரம்பத்தில் செயின் கணுக்கள் மெழுகு ஊற்றினாற்போல் விறைத்து நிற்கும், பம்பு ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் பிசினாகாது, ஆனால் ஏறத்தாழ 24 டிகிரிக்குக் கீழே உறையும். குன்னூரில் காலை எட்டு மணிக்கு அது எண்ணெய் இல்லை, கட்டி. விளக்கெண்ணெய் காயாது, கனமும் உண்டு. 40 டிகிரியில் ஏறத்தாழ 250 சென்டிஸ்டோக். ஆனால் குளிரில் பம்புக்கு அந்தக் கனமே பகை. கனிம எண்ணெயோடு அது சரியாகக் கலக்கவும் கலக்காது. பாதி டேங்க் பார் ஆயிலுக்கு மேல் விளக்கெண்ணெய் ஊற்றினால் இரண்டும் பிரிந்து நிற்கும்.

ரம்பத்துக்கென்றே செய்த தாவரப் பற்றெண்ணெய் வேறு; அதில் காயாமல் காக்கும் சேர்மானம் உண்டு. அதைப் போட்டாலும், மாதக்கணக்கில் ரம்பத்தைக் கட்டி வைப்பதற்கு முன் டேங்கைக் காலி செய்து, கொஞ்சம் கனிமப் பற்றெண்ணெய் ஊற்றி, இரண்டு மூன்று நிமிடம் ஓட்டி எடுத்துவிட வேண்டும்.

– குன்னூரிலிருந்து

* * *

கிரீசுக்கு ‘மசகு’ என்று வைத்துவிடலாம் என்பது என் எண்ணம். மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோற்கரியையும் விளக்கெண்ணெயையும் குழைத்துப் போட்டார்களே, அந்த வண்டிமசகு இறுகலாகத்தான் இருந்தது. யாழ்ப்பாண நண்பரின் தடை ‘மசகெண்ணெய்’ என்ற கூட்டுச்சொல்லுக்குத்தான்.

– கையேட்டுக்காரர்

* * *

ஓம், மசகு தனியாக வந்தால் பிரச்சினை இல்லை.

– யாழ்ப்பாணத்திலிருந்து

* * *

சொல்லில் சரி. பட்டறையில் கிரீஸ் கிரீசாகவே இருக்கும், அதில் எனக்கு வருத்தமில்லை. கையேட்டில் முதல் முறை மட்டும் ‘மசகு என்னும் கிரீஸ்’ என்று எழுதிவிடுங்கள்.

எந்த மசகு என்பதையும் சொல்ல வேண்டும். லித்தியம் சோப்பு கிரீஸ், இறுக்கத் தரம் என்எல்ஜிஐ 2. வெண்ணெய்ப் பதத்தில் இருக்கும். வைக்கும் இடங்கள் இரண்டு.

பாரின் மூக்கில் பக்கவாட்டில் சிறு துளை இருந்தால், ஊசி முனை கிரீஸ் கன்னால் வைக்க வேண்டும். முதலில் துளையைத் துடைக்காவிட்டால் தூளையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே, ஓரத்தில் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும் வரை அழுத்துங்கள். வைக்கத் தொடங்கினால் நாள்தோறும் வைக்க வேண்டும்; இடையில் விட்டால் பழையது தூளோடு இறுகி, பற்றெண்ணெய் நுழையும் வழியையும் அடைத்துவிடும். துளையே இல்லாத பார்களும் இருக்கின்றன. அவற்றுக்குப் பற்றெண்ணெயே போதும். துளை போடக் கிளம்ப வேண்டாம்.

மற்றது கிளட்ச் டிரம்முக்கு உள்ளே இருக்கும் ஊசி பேரிங். வெளிப்பக்கக் கிளட்ச் என்றால் அதைக் கழற்ற வேண்டியிருக்கும். திருகு மறை பெரும்பாலும் இடப்பக்கம், அதாவது கடிகாரத் திசையில் சுற்றினால்தான் கழலும். பேரிங் கூண்டில் விரலால் மெல்லப் பூசினால் போதும், அரைப் பட்டாணி அளவு. கூடுதலாக வைத்தால் சுழற்சியில் தெறித்து கிளட்ச் ஷூவில் படும்; பிறகு என்ஜின் கத்தும், செயின் நகராது.

– பட்டறை

* * *

டூ-டி ஆயிலுக்குக் ‘கலப்பெண்ணெய்’ என்று போட்டிருக்கிறேன். ஜாசோ எஃப்டி தரம், 50-க்கு 1, லிட்டருக்கு 20 மி.லி. என்றும் எழுதியிருக்கிறேன். சரிதானே?

– கையேட்டுக்காரர்

* * *

சரி. கலவை விகிதத்தை அந்தந்த ரம்பத்தின் கையேடு சொல்கிறபடி என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றுக்கு 25-க்கு 1, லிட்டருக்கு 40 மி.லி. படகு என்ஜினுக்கான டிசி-டபிள்யூ3 வேண்டவே வேண்டாம். அது நீர்க் குளிர்ச்சி என்ஜினுக்குச் செய்தது, காற்றில் குளிரும் ரம்பத்தின் சூட்டைத் தாங்காது.

மாறி ஊற்றினால் என்ன ஆகும் என்பதையும் இரண்டு வரியில் போடுங்கள். கலப்பெண்ணெய் சங்கிலி டேங்குக்குப் போனால் மெலிசு, கம்பிப்பதம் கிடையாது, முதல் மரத்திலேயே தெறித்துத் தீரும். பற்றெண்ணெய் பெட்ரோலோடு போனால் பற்றூட்டி எரியாமல் கரியாகி, பிளக்கில் படியும், பிஸ்டன் வளையம் ஒட்டும். கேன்களில் ஒட்ட மூன்று வரி அனுப்புகிறேன்:

கலப்பெண்ணெய் – பெட்ரோலில் மட்டும்.
சங்கிலிப் பற்றெண்ணெய் – பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் இதையும் நிரப்பு.
மசகு – மூக்குக்கும் ஊசி பேரிங்குக்கும்.

– பட்டறை

* * *

பட்டியலில் ஏற்றிவிட்டேன்: சங்கிலிப் பற்றெண்ணெய், பற்றூட்டி, கம்பிப்பதம், மீளா உயவு, மசகு, கலப்பெண்ணெய். ‘பார்’ மட்டும் பாராகவே நிற்கிறது. ‘அலகு’ என்று யாரும் கேட்டு வராதீர்கள், பக்கத்து வரியில் சென்டிஸ்டோக் என்னும் அலகு உட்கார்ந்திருக்கிறது.

– சொல்லாக்கம்