மறுமொழி: ஆசிலேட்டரை வைத்துச் செய்யும் ஏடிசிக்குத் தமிழில் என்ன சொல்வது?

அனைவருக்கும் வணக்கம். ஏடிசி (ADC) என்பது மின்னழுத்தம் போன்ற தொடர் அளவை எண்ணாக மாற்றித் தரும் சுற்று. ஆசிலேட்டர், அதாவது அலையியற்றி, திரும்பத் திரும்ப ஏறி இறங்கும் மின்னலைவைத் தரும் சுற்று.

> "அலையியற்றி அடிப்படையிலான ஒப்புமை-இலக்க மாற்றி" என்றே வைத்துக்கொள்ளலாமே? பொருள் முழுதும் வந்துவிடுகிறதே.

பொருள் வருகிறது ஐயா. ஆனால் இதை வைத்து ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், மூன்றாவது வரியிலேயே சலித்துப்போய் ஏடிசி என்று போட்டுவிடத் தோன்றும். அதைவிடப் பெரிய குறை, "அடிப்படையிலான" என்ற சொல் அலையியற்றிக்கு அங்கே என்ன வேலை என்று சொல்வதே இல்லை.

வழக்கமான மாற்றிகள் பலவும் உள்ளே வரும் மின்னழுத்தத்தைத் தெரிந்த மின்னழுத்தங்களோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எண்ணைத் தருகின்றன. அலையியற்றியை வைத்துச் செய்யும் மாற்றியில் அந்த ஒப்பீடு இல்லை. ஈரப்பத உணரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: ஈரம் கூடினால் அதன் மின்தேக்குத்திறன் கூடும், மின்னேற்றம் ஏறி இறங்க அதிக நேரம் பிடிக்கும், அலைவு மெதுவாகும். அந்த அலைவுகளைக் குறித்த நேரத்துக்கு எண்ணினால் வேலை முடிந்தது. 1 மெகாஹெர்ட்ஸ் அலைவை 10 மில்லிவினாடி எண்ணினால் 10,000 வரும், அதிர்வெண் 1 சதவீதம் இறங்கினால் 9,900. நுணுக்கம் போதவில்லையா, 100 மில்லிவினாடி எண்ணுங்கள், பிரித்தறியக்கூடிய மிகச் சிறிய படி பத்தில் ஒன்றாகக் குறையும், வேகமும் அதே அளவு குறையும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் உண்மையில் 100.4 அலைவு ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அலைவுகளை எண்ணும் உறுப்பான எண்ணிக்கு (கவுண்டர்) முழு அலைவுதான் தெரியும். ஒவ்வொரு முறையும் அலைவை முதலிலிருந்து தொடங்கினால் 100, 100 என்றே வந்து ஐந்து முறைக்கு 500 ஆகும், அந்த 0.4 போனது போனதுதான். அலைவை நிறுத்தாமல் ஓடவிட்டால் மீதி அடுத்த எண்ணிக்கைக்குப் போய்ச் சேர்ந்து 100, 100, 101, 100, 101 என வரும், கூட்டினால் சரியாக 502. பிழை மறைவதில்லை, உயர் அதிர்வெண் பக்கம் தள்ளப்படுகிறது, அப்புறம் வடிகட்டி அதை நீக்கிவிடும். இதை "இரைச்சல் வடிவமைப்பு" (noise shaping) என்று எழுதுகிறோம், "இரைச்சல் ஒதுக்கம்" என்றால் நடப்பதையே சொன்னதாகும் என்பது என் கருத்து.

இந்த முறைக்கு இப்போது மதிப்பு கூடியதற்குக் காரணமும் எளிது. சில்லு சிறுக்கச் சிறுக்க மின்வழங்கல் 1 வோல்ட்டுக்கும் கீழே வந்துவிட்டது, அதற்குள் மின்னழுத்தத்தை நுணுக்கமாகப் பிரிப்பது கடினம். ஆனால் டிரான்சிஸ்டர்கள் வேகமாகிவிட்டன, நேரத்தைப் பிரிப்பது எளிது. 0-வை 1 ஆகவும் 1-ஐ 0 ஆகவும் புரட்டும் நாட் கேட்டுகளை மூன்று, ஐந்து என ஒற்றைப்படை எண்ணிக்கையில் வளையமாக இணைத்தால் அலைவி (அலையியற்றியேதான்) தயார். குறையும் உண்டு: மின்னழுத்தமும் அதிர்வெண்ணும் நேர்கோட்டில் போவதில்லை, வெப்பநிலை மாறினால் அலைவும் நகர்ந்துவிடும். அதனால்தான் உணரிக்கு ஒன்று, ஒப்பிட ஒன்று என்று இரண்டு அலைவிகளை வைத்து விகிதம் பார்க்கிறார்கள்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். "அலை எண்ணி" வேண்டாம், பள்ளி இயற்பியலில் அலை எண் என்பது வேறு அளவு. "அலைவெண்ணாக்கி" சுருக்கமாக இருக்கிறது, ஆனால் அலைவெண்+ஆக்கி என்று பிரித்தால் அதிர்வெண்ணை உண்டாக்குவது என்று பொருள் தலைகீழாகிவிடும்.

என் பரிந்துரை: அலைவுவழி எண்ணாக்கி.

எண்ணி, எண்ணாக்கி இரண்டும் குழம்பாதா என்று கேட்பீர்கள். எண்ணி என்பது உள்ளே எண்ணிக்கொண்டிருக்கும் உறுப்பு, எண்ணாக்கி என்பது அளவை எண்ணாக ஆக்கித் தரும் முழுச் சுற்று. ஒரே வாக்கியத்தில் வந்தாலும் இடறவில்லை: "அலைவுவழி எண்ணாக்கியில் எண்ணியைச் சுழியத்துக்குக் கொண்டுவரலாம், அலைவியை நிறுத்தக் கூடாது." நேர இடைவெளியை எண்ணாக்குவதற்கு "நேர எண்ணாக்கி", கட்டத்தை (phase, அலைவு தன் சுற்றில் எங்கே நிற்கிறது என்பதை) எண்ணாக்குவதற்கு "கட்ட எண்ணாக்கி" என்று குடும்பமே இதிலிருந்து வந்துவிடும்.

தீர்க்க வேண்டியது இன்னும் ஒன்று இருக்கிறது. மேலே நானே அலையியற்றி, அலைவி இரண்டையும் கலந்து எழுதியிருக்கிறேன். கூட்டுச்சொற்களில் அலைவிதான் இசைவாக வருகிறது (வளைய அலைவி, தளர்வு அலைவி), அலையியற்றி ஏற்கெனவே பரவிய சொல். எதை வைத்துக்கொள்ளலாம் என்று சுற்று வடிவமைப்பில் இருப்பவர்கள் சொன்னால் கலைச்சொல் பட்டியலில் ஏற்றிவிடலாம்.