பிக்கப் டிரக்குக்குத் தமிழ்: வியாழனுக்குள் ஒரு சொல் வேண்டும்

மொழிபெயர்ப்பாளர், திங்கள் காலை

நண்பர்களே, வணக்கம்.

ஒரு கார் நிறுவனம் புதிதாக இறக்கும் பிக்கப் வண்டிகளின் விளக்கக் கையேடு என்னிடம் வந்திருக்கிறது. நடுத்தரம், முழு அளவு, கனரகம் என மூன்று வகை. ஒவ்வொன்றிலும் ஒற்றை வரிசை இருக்கை, இரட்டை வரிசை என்று உட்பிரிவுகள். வியாழன் மாலைக்குள் கொடுத்தாக வேண்டும். நானோ முதல் பக்கத்தைத் தாண்டவில்லை.

'சரக்குந்து' என்றால் படிப்பவர் மனத்தில் லாரிதான் வரும். 'சிற்றுந்து' மினி பஸ்ஸுக்குப் போய்விட்டது. 'கூடுந்து' வேன். முன்பு வேறொரு வேலையில் 'சிறு சரக்குந்து' என்று போட்டு ஒப்பேற்றினேன். இந்த முறை நடக்காது. கனரக வகையில் பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டாக நான்கு சக்கரம். அதைச் 'சிறு' என்று எப்படி எழுதுவேன்?

வண்டியின் பெயர் தவிர மூன்று சொற்கள் வேண்டும்: பின்னால் உள்ள திறந்த பகுதி, கீழ்நோக்கி மடங்கும் அதன் கதவு, சுமக்கக்கூடிய எடை (வரைவில் இப்போதைக்குச் 'சரக்குத் திறன்' என்று போட்டிருக்கிறேன்).

தமிழாசிரியர் (பணி ஓய்வு), திங்கள் பிற்பகல்

தம்பி, அவசரத்தில் சொல் பிறக்காது. பெருமை + உந்து என்பது மை கெட்டு, முதல் நீண்டு 'பேருந்து' ஆனது. சிறுமை + உந்து ஒற்று இரட்டித்துச் 'சிற்றுந்து' ஆனது. இரண்டும் நிலைத்ததற்குக் காரணம் அந்தப் புணர்ச்சியின் கட்டுக்கோப்பு. 'சிறு சரக்குந்து' சொல்லே அன்று, வருணனை.

ஆனால் 'உந்து'வைக் கட்டிக்கொண்டே ஏன் அழ வேண்டும்? பண்டம் ஏற்றும் வண்டிக்கு நம்மிடம் 'சாகாடு' இருக்கிறது. "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம் சால மிகுத்துப் பெயின்." 475ஆம் குறள். மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் அச்சு முறியும். நீங்கள் கேட்கும் எடை வரம்பு இந்த ஒன்றே முக்கால் அடிக்குள் இருக்கிறது. புறநானூறு 185இல் 'சாகாடு உகைப்போன்' வருகிறான். வண்டி சாகாடு, ஓட்டுநர் உகைப்போர். எவ்வளவு பொருத்தம்!

மென்பொருள் தமிழாக்கக்காரர், திங்கள் மாலை

ஐயா, மன்னிக்க வேண்டும். கையேட்டைத் திறப்பவர் 'சாகாடு' என்று கண்டால் 'சாகாது' என்பதன் அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

மற்ற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று பார்ப்போம். ஆப்பிரிகான்ஸில் 'பாக்கி', 'பாக்' என்றால் தொட்டி, பெட்டி. தாய் மொழியில் 'ரோட் கிரபா', அதாவது தட்டு வண்டி. ஸ்பானியத்தில் 'கமியோனெத்தா', சின்ன லாரி. ஆஸ்திரேலியாவில் 1934இல் வந்த 'கூப்பே யூட்டிலிட்டி' சுருங்கி 'யூட்' ஆயிற்று. பிரேசிலில் ஆங்கிலச் சொல்லையே தங்கள் எழுத்தில் 'பிக்காப்பி' என்று எழுதிக்கொண்டார்கள். எடுப்பது, பொறுக்குவது என்று நேர்ப்பொருளைத் தேடிப் போனவரை இந்த ஐந்தில் காணோம். ஆகவே 'எடுப்புந்து' போன்றவற்றை முதலிலேயே தள்ளிவிடலாம்.

என் பரிந்துரை: தொட்டியுந்து.

இலங்கைத் தமிழ் இதழாளர், திங்கள் இரவு

எங்கள் செய்திகளில் 'கெப் ரக வாகனம்' என்றுதான் எழுதுகிறோம். இரட்டை வரிசை என்றால் 'டபுள் கெப்'. 'கெப்' என்பது ஆங்கில 'cab'. மூலத்தில் அது ஓட்டுநர் அறையின் பெயர்; எங்களிடம் வண்டிக்கே பெயராகிவிட்டது. அதைவிடச் சிறிய சரக்கு வாகனம் 'பட்டா'. தமிழ்நாட்டில் அந்த அளவு வண்டியைக் 'குட்டியானை' என்கிறீர்கள். அந்தப் பெயரை வைத்தவர்கள் எந்தக் குழுவிலும் விவாதிக்கவில்லை. ஆனால் கேட்டவுடன் உருவம் கண்ணுக்கு வருகிறது.

தொட்டியுந்து என்றால் எனக்குத் தண்ணீர் பவுசர்தான், அதாவது டேங்கர் லாரிதான், ஞாபகம் வருகிறது.

தமிழாசிரியர், செவ்வாய் அதிகாலை

'தொட்டி' வேண்டாம் என்றால் 'தட்டுந்து' என்று சொல்லிப் பார்த்தேன். தட்டு + உந்து, குற்றியலுகரம் கெட்டு இனிமையாகப் புணர்கிறது. ஆனால் தட்டும் உந்து என்று வினைத்தொகையாகவும் விரியும். இடிக்கிற வண்டி என்று பொருள் வரும். நானே கைவிடுகிறேன். 'திறவுந்து'ம் அப்படியே: திறப்பது எது, திறந்திருப்பது எது என்று தெளியாது.

சகடம், சகடு, சாகாடு மூன்றும் ஒரே குடும்பம். சகடம் வடசொல் என்று சிலர் உடனே எழுதுவார்கள்.

சொல்லாய்வில் ஈடுபாடுள்ளவர், செவ்வாய் காலை

எழுதத்தான் போகிறேன், ஐயா. சங்கதத்தில் 'சகட' இருக்கிறது. கடன் எந்தத் திசையில் போனது என்பது தனி ஆய்வு. தூய்மைக்காக ஒரு சொல்லை முன்வைக்கும்போது அதன் பிறப்பிலேயே ஐயம் இருந்தால் என்ன பயன்? 'பண்டி' என்று ஒரு சொல் இருக்கிறது. பண்டம், பண்டி, வண்டி மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். 'பண்டியுந்து' என்றால்...

மொழிபெயர்ப்பாளர், செவ்வாய் நண்பகல்

ஐயா, எனக்கு இரண்டரை நாள்தான் இருக்கிறது.

மோட்டார் தொழிற்பயிற்சி ஆசிரியர், செவ்வாய் இரவு

இந்தப் பேச்சை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பட்டறையில் நின்று பேசுகிறவன் என்ற முறையில் சில விஷயங்கள்.

முதலாவது, 'பிக்கப்' என்று அப்படியே விட முடியாது. நம் பேச்சில் அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. "வண்டி நல்லா இருக்கு, பிக்கப்தான் இல்லை" என்று எந்த ஓட்டுநரும் சொல்வார். வேகமெடுக்கும் திறன் என்று பொருள். உங்கள் கையேட்டில் அதைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்கும். ஆகவே 'பிக்கப் வண்டி' என்று சேர்த்தே எழுதுங்கள். 1925இல் ஃபோர்டு நிறுவனம் மாடல் டி காருக்குப் பின்னால் எஃகுப் பெட்டி பொருத்தி விற்றபோதும் 'பிக்கப் பாடியுடன்' என்றுதான் பெயர் வைத்தது. அந்தச் சொல் முதலில் பெட்டிக்குத்தான் ஒட்டியது.

இரண்டாவது, எடை. உங்கள் வரைவில் 'சரக்குத் திறன்' என்று பார்த்தேன். அது தவறு, ஆபத்தும் கூட. வண்டியின் மொத்த எடை வரம்பிலிருந்து வெற்றெடையைக் கழித்தால் வருவது, பின்பெட்டியில் போடும் சரக்கு மட்டும் அன்று. இருக்கையில் உட்காருகிறவர்களும் அதில் அடக்கம். ஐந்து பெரியவர்கள் ஏறினாலே 350 கிலோ போய்விடும். இழுவண்டி கோத்தால் அதன் முன்பகுதி கொக்கியின் மேல் அழுத்துகிற எடையும் சேரும். சாதாரணமாக இழுவண்டி எடையில் 10 முதல் 15 சதவீதம். 'சரக்கு' என்று எழுதினால் படிப்பவர் முழு எண்ணையும் பெட்டியில் ஏற்றிவிடுவார். அப்புறம் ஐயா சொன்ன குறள்தான். 'சுமைத்திறன்' என்று போடுங்கள். இழுப்பதற்கு 'இழுதிறன்'.

'அரை டன் வகை' என்று மூலத்தில் இருந்தால் அதையும் நேராகப் பெயர்க்காதீர்கள். பழைய காலத்துச் சுமை அளவு இன்று வெறும் பெயராக நிற்கிறது. இன்றைய அரை டன் வண்டிகள் அதைவிடக் கூடுதலாகவே சுமக்கின்றன.

மூன்றாவது, நீங்கள் கேட்காத ஒன்று. இந்த வண்டிகளில் மாற்றுச் சக்கரம் பின்பெட்டிக்கு அடியில் தொங்கும். பின் பம்பர் பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். நீளமான கம்பியை அதற்குள் விட்டுச் சுற்றினால் கம்பிவடம் இறங்கிச் சக்கரம் தரைக்கு வரும். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் சேறு ஏறித் துருப்பிடித்து, அவசரத்துக்கு இறங்காது. இதை மாணவர்களுக்குச் சொல்லும்போது 'ஸ்டெப்னி' என்றுதான் சொல்கிறேன். வேறு சொல் உண்டா?

தமிழாசிரியர், புதன் காலை

ஆசிரியரே, மாற்றுச் சக்கரம் பற்றிய உங்கள் மூன்றாவது குறிப்பைப் படித்ததும் எழுந்து போய்ப் புறநானூற்றை எடுத்து வந்தேன். 102ஆம் பாட்டு. ஔவையார் பொகுட்டெழினியைப் பாடியது. எருதுகள் இளையவை, நுகம் பழகாதவை. வண்டியில் பண்டம் மிகுதி. பள்ளத்தில் இறங்குமோ, மேட்டில் ஏறுமோ, அங்கே என்ன ஆகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் உப்பு வணிகர்கள் "கீழ்மரத்து யாத்த சேமவச்சு" போன்றவனே என்கிறார். வண்டிக்கு அடியில் கட்டிவைத்த மாற்று அச்சு! நீங்கள் சொன்ன அதே இடம், அதே காரணம்.

சேமச் சக்கரம். இதற்கு மேல் நான் தேட மாட்டேன்.

இலங்கைத் தமிழ் இதழாளர், புதன் காலை

ஏற்கிறேன். இந்த இழையில் முதல் தடவையாக எல்லாருக்கும் பொதுவான ஒரு சொல்.

மென்பொருள் தமிழாக்கக்காரர், புதன் நண்பகல்

நானும். 'ரிசர்வ்', 'பேக்கப்' என்று வரும் மற்ற இடங்களுக்கும் 'சேம' முன்னொட்டு பயன்படும். அதைத் தனி இழையில் பேசுவோம். வண்டிக்குத் தொட்டியுந்தை இன்னும் நான் விடவில்லை. 'பெட்டியுந்து' என்றாவது மாற்றுங்கள். அடுத்த பதிப்பில் 'பிக்கப்' கழன்று போக வழி இருக்கட்டும்.

மொழிபெயர்ப்பாளர், புதன் இரவு

எல்லாருக்கும் நன்றி. கையேட்டில் இப்படிப் போடுகிறேன்: பிக்கப் வண்டி, பின்பெட்டி, மடிகதவு, சுமைத்திறன், இழுதிறன், சேமச் சக்கரம். பெயருக்குப் 'பிக்கப் வண்டி' என்றவர்களே கூடுதல். மனநிறைவோடு சொன்னவர் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்கும் இல்லை. 'பெட்டியுந்து' என்பதைச் சொல்லடைவில் மாற்றுச் சொல்லாகச் சேர்த்திருக்கிறேன்.

தமிழாசிரியர், வியாழன் காலை

தம்பி, அனுப்பும் முன் ஒன்று. தமிழில் சொல்லின் இறுதியில் வல்லின மெய் நிற்காது. 'பிக்கப்' என்று ஒற்றில் முடிக்காதீர்கள். ஓட்டுநர்கள் வாயில் உகரம் சேர்ந்து 'பிக்கப்பு' என்றே வருகிறது. இலக்கணம் படிக்காமலே அவர்கள் சரியாகச் சொல்கிறார்கள். கடன் வாங்குவதானால் 'பிக்கப்பு வண்டி' என்று வாங்குங்கள்.

மொழிபெயர்ப்பாளர், வியாழன் மாலை

ஐயா, உங்கள் மடலைப் பார்க்கும் முன் கோப்பு போய்விட்டது. ஒற்றோடுதான் போயிருக்கிறது. மெய்ப்பு திரும்பி வரும்போது மாற்றக் கேட்கிறேன். ஒப்புக்கொள்வார்களா என்று தெரியவில்லை.