ஜியோகேச்சிங்குக்கு வன்னி "இதற்கென்றே செய்த இடமாம்". சொன்னவர் கொஞ்சம் விளக்குவாரா?

அலைகரையான்:
நேற்று இந்தக் களத்தின் வேறொரு திரியில் 'ரொறொன்ரோ மாமா' எழுதியதை வெட்டி ஒட்டுகிறேன். நான் திரித்துவிட்டேன் என்று பிறகு ஒருவரும் வரக்கூடாது.

"நாங்கள் குடும்பமாக ஜியோகேச்சிங் செய்கிறோம். ஒருவர் ஒரு பெட்டியை எங்கேயாவது ஒளித்துவிட்டு, இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகையை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் போனில் ஜிபிஎஸ் பார்த்துத் தேடிப் பிடித்து, உள்ளே இருக்கிற கொப்பியில் பெயர் எழுதி, பெட்டியைத் திரும்ப அங்கேயே வைப்பார்கள். வன்னி சும்மா காடாகத்தானே கிடக்கிறது, இதற்கென்றே செய்த இடம். வருகிற ஆடியில் முத்தையன்கட்டுப் பக்கம் நாலைந்து பெட்டி வைக்கப் போகிறேன். அங்குள்ள பிள்ளைகளும் போனை விட்டு வெளியே வரட்டும்."

சும்மா கிடக்கிறதாம். தம்பி, நான் முத்தையன்கட்டுக் குளத்து இடதுகரை ஆள். இந்தக் காட்டில் சண்டைக் காலத்தில் புதைத்த மிதிவெடிச் சாமானை எடுக்க வந்தவர்களே இன்னும் எடுத்து முடியவில்லை. நீங்கள் புதிதாகப் பெட்டி புதைக்க வருகிறீர்களா?

ரொறொன்ரோ மாமா:
அண்ணை, "ஒளித்துவிட்டு" என்றுதான் எழுதியிருக்கிறேன். நீங்கள் ஒட்டியதிலேயே இருக்கிறது, ஒருக்கா வாசியுங்கள். ஜியோகேச்சிங்கில் காணிக்காரர் வெளிப்படையாக அனுமதிக்காமல் புதைக்கக் கூடாது. வைப்பதற்கும் தோண்டக் கூடாது, எடுப்பதற்கும் தோண்டக் கூடாது. மரப்பொந்து, கல்லிடுக்கு, வேலிக் கம்பத்தின் பின்பக்கம், இப்படித்தான் வைப்போம். இங்கே என் மகள் கண்டெடுத்த ஒன்று பிலிம் சுருள் வருகிற சின்ன டப்பா. பாலத்துக் கைப்பிடியின் அடியில் காந்தத்தால் ஒட்டியிருந்தது. உள்ளே பீடி மாதிரிச் சுருட்டிய கடதாசி, அவ்வளவுதான்.

வரலாறும் சொல்கிறேன், தெரிந்துகொண்டு கதையுங்கள். அமெரிக்கா பொதுமக்களுக்குப் போகிற ஜிபிஎஸ் சமிக்ஞையை வேண்டுமென்றே குழப்பித்தான் கொடுத்து வந்தது. நூறு மீட்டர் வரை பிழை காட்டும். 2000 மே 2ஆம் தேதி அதை நிறுத்தினார்கள். அடுத்த நாளே ஒரேகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை அரைவாசி மண்ணுக்குள் இறக்கி, புத்தகம், வீடியோ, ஒரு கெற்றப்போல், ஒரு பேணி அவரைக்கொட்டை எல்லாம் போட்டு, இடத்தை இணையத்தில் சொன்னார். மூன்று நாளுக்குள் இரண்டு பேர் கண்டுபிடித்தார்கள். அப்படித் தொடங்கியதுதான் இது.

அலைகரையான்:
"அரைவாசி மண்ணுக்குள் இறக்கி."

நான் எழுதவில்லை, நீங்களே எழுதினீர்கள். முதல் வாளியே புதைத்த வாளி. இதற்கு மேல் என்ன கதை?

அதுசரி, 2000 மே மாதம் என்கிறீர்கள். ஏப்ரல் 22இல் ஆனையிறவு இராணுவ முகாம் விழுந்தது. உங்கள் ஆள் வாளியில் அவரைப் பேணி வைத்த கிழமை நாங்களும் வாளியோடுதான் திரிந்தோம், தண்ணிக்கு.

நல்லூர்த் தேர்:
வன்னியில் முதலில் போனுக்கு சிக்னல் எடுங்கள். பிறகு ஜிபிஎஸ் பற்றிக் கதைக்கலாம்.

ரொறொன்ரோ மாமா:
நல்லூர்த் தேர், ஜிபிஎஸ் செய்மதியிலிருந்து வருகிறது, போன் கோபுரத்திலிருந்து இல்லை. வரைபடத்தை முதலே இறக்கி வைத்தால் சிக்னலே வேண்டாம்.

அலைகரையான் அண்ணை, அது 2000ஆம் ஆண்டு, விளையாட்டுக்கு விதியே இல்லாத காலம். பிறகு விதி வந்தது. ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். காணிக்காரரின் அனுமதி வேண்டும். சாப்பாட்டுச் சாமான், கத்தி, வெடிச்சாமான் உள்ளே வைக்கக் கூடாது. ஒரு பொருளை எடுத்தால் அதே பெறுமதியில் இன்னொன்றை வைக்க வேண்டும். அந்த அனுமதி இல்லாமல் தோண்டவும் கூடாது.

அலைகரையான்:
அரைவாசி புதைத்தால் புதைத்ததா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. 161 மீட்டர் எல்லாம் பிறகு.

கற்சிலைமடுக்காரன்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பெட்டியே இல்லாத வகையும் இருக்கிறதாமே, இடத்துக்குப் போய் அங்கே எழுதியிருப்பதைப் பார்த்துக் கேள்விக்குப் பதில் அனுப்புவது. எங்கள் ஊரில் இருக்கிற, வன்னி மன்னன் பண்டாரவன்னியனின் நினைவுக்கல்லை அப்படிப் போடலாம். 1803 ஒக்டோபர் 31இல் ஆங்கிலேயப் படைக் கப்டன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த இடம் என்று கல்லில் இருக்கிறது. கேள்வி: "அந்தக் கல் அவன் இறந்தான் என்று சொல்கிறதா?" நம் ஆட்களில் பாதிப் பேர் பிழையாகத்தான் எழுதுவார்கள்.

நல்லூர்த் தேர்:
அன்றைக்குத்தானே இறந்தான்? விழாவே எடுக்கிறார்கள்.

கற்சிலைமடுக்காரன்:
பாருங்கள், வந்துவிட்டார். கல்லில் இருப்பது தோற்கடித்தது மட்டும். கொன்றதாக ஓர் எழுத்தும் இல்லை. ஓகஸ்ட் 25இல் நினைவுகூருவது முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்த நாளை. இது மூன்றையும் போட்டுக் குழப்புவதே உங்களுக்கு வேலை. உங்கள் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் பற்றி நாங்கள் ஒரு தேதி பிழையாகச் சொன்னால் விடுவீர்களா?

ரொறொன்ரோ மாமா:
கற்சிலைமடுக்காரன், நல்ல யோசனைதான். ஆனால் அந்த மெய்நிகர் வகையை இப்போது நினைத்தவுடன் போட முடியாது. ஜியோகேச்சிங் இணையத்தளத்துக்காரர் சிலருக்கு மட்டும் எப்போதாவது அந்த வாய்ப்பைத் தருவார்கள். பெட்டிதான் வழி. என்னிடம் நல்ல பெட்டிகளும் இருக்கின்றன. அமெரிக்க இராணுவத்தின் பழைய துப்பாக்கி ரவைப் பெட்டி, பச்சை நிறம், தகரம், மூடியில் இறப்பர் வளையம். எந்த மழைக்கும் ஒரு துளி உள்ளே போகாது. உலகம் முழுக்க ஜியோகேச்சிங்காரர் விரும்புவது அதைத்தான்.

அலைகரையான்:
எல்லாரும் வாசித்தீர்களா? ரவைப் பெட்டி. பச்சை நிறம். முல்லைத்தீவு மாவட்டம். காட்டுக்குள்.

மல்லாவிப் பெடியன்:
மாமா, கப்பலில் போடும்போதே உங்களைப் பிடித்துவிடுவார்கள் 😀

கிளிநொச்சி ரீச்சர்:
பகிடி இருக்கட்டும். எனக்கு இதில் ஒன்றுதான் யோசனை. எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு மிதிவெடி விழிப்புணர்வுக்காரர் வந்து சொல்லிக் கொடுத்தது: தெரியாத பொருளைக் கண்டால் கிட்டப் போகாதே, தொடாதே, வந்த வழியே திரும்பிப் போய்ப் பெரியவர்களிடம் சொல். படம் காட்டி, பாட்டுப் படித்து, வருடக் கணக்காகச் சொன்னார்கள். பழைய இரும்பு பொறுக்கப் போய்க் கை போன பிள்ளைகளை நாங்கள் வகுப்பில் வைத்துப் படிப்பித்தவர்கள். இப்போது அதே பிள்ளையிடம் "பற்றைக்குள் வித்தியாசமான பெட்டி இருக்கும், கண்டால் திற, உள்ளே பரிசு" என்றால், இருபது வருடப் படிப்பு ஒரு பின்னேரத்தில் போய்விடும். புதைத்ததா ஒளித்ததா என்பது எனக்குப் பெரிய விஷயமில்லை.

அலைகரையான்:
ரீச்சர் சொன்னதுதான் நானும் சொன்னது. ஆனால் புதைத்தது பெரிய விஷயம்தான் ரீச்சர். மாமா இன்னும் பதில் சொல்லவில்லை.

ரொறொன்ரோ மாமா:
ரீச்சர், மிதிவெடி அகற்றிய இடமென்று கையளித்த காணிகளில்தானே வைக்கப் போகிறேன். இலங்கை 2017இல் மிதிவெடியைத் தடை செய்கிற ஒட்டாவா உடன்படிக்கையில் சேர்ந்ததும் எனக்குத் தெரியும். நான் ஒன்றும் தெரியாமல் கதைக்கவில்லை.

அலைகரையான்:
உடன்படிக்கையில் சேர்ந்தால் மண்ணுக்குள் கிடக்கிறது தானாக எழும்பி வந்துவிடுமா? முகமாலையில் பெண் பிள்ளைகள் கொதிக்கிற வெயிலில் கவசத்தைப் போட்டு, முழங்காலில் நின்று, ஒவ்வொரு சாணாக மண்ணைச் சுரண்டினார்கள். எங்கள் பக்கம் ஒரு பாலை மரத்தில் அடித்த சிவப்புப் பலகை, மண்டையோடு போட்டது. மரம் வளர்ந்து ஆணியை விழுங்கி, பலகையின் ஒரு மூலை பட்டைக்குள் போய்விட்டது. காணி துப்புரவு என்று கடிதம் தந்த பிறகும் அந்தப் பலகையைக் கழற்ற ஒருவருக்கும் கை வரவில்லை. உங்கள் மகள் அந்த மரத்தடியில் பிலிம் டப்பா தேடுவாளா?

இன்னொன்று. இங்கே காட்டுக்குள் குனிந்து நிலத்தைப் பார்த்துத் திரிகிறவனைக் கண்டால் சனம் என்ன நினைக்கும்? புதையல் தோண்டுகிறவன் என்று நினைக்கும். புலிகள் இயக்கத்தின் தங்கம் இருக்கிறது என்று நீதிமன்ற உத்தரவோடு பெக்கோ இயந்திரம் கொண்டு வந்து தோண்டி, தண்ணீர் ஊறியதும் மூடிவிட்டுப் போன இடங்கள் இருக்கின்றன. நீங்கள் கையில் ஜிபிஎஸ்ஸோடு வந்து "நான் புதைக்கவில்லை, ஒளித்தேன்" என்று பொலிசுக்கு விளக்குங்கள். அப்போது உல்மரின் வாளிக் கதையையும் மறக்காமல் சொல்லுங்கள்.

மல்லாவிப் பெடியன்:
நான் கொழும்பில் வேலை செய்தபோது ஒருக்கா தேடிப் பார்த்திருக்கிறேன். ஒரு மதிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன், செக்குரிட்டி வந்து அடையாள அட்டை கேட்டார். பெயரைப் பார்த்தார், பிறகு பிறந்த இடத்தைப் பார்த்தார். மிச்சத்தை நீங்களே யோசியுங்கள். பெட்டி கிடைக்கவில்லை.

வன்னியில் வேறு பிரச்சினையும் இருக்கிறது. வெளியில் ஜிபிஎஸ் நாலைந்து மீட்டருக்குள் காட்டும். அடர்ந்த மரத்துக்குக் கீழே அம்புக்குறி பைத்தியம் பிடித்தது போல ஆடும். வீரையும் பாலையும் நிற்கிற இடத்தில் எந்தப் பொந்தில் கையை விடுவது? கையை விட்டால் உள்ளே புடையன் பாம்பு. வைகாசி, ஆனியில் பாலைப்பழத்துக்குக் கரடி வேறு வரும்.

நல்லூர்த் தேர்:
கரடி, யானை, பாம்பு, மிதிவெடி. சுற்றுலாச் சபை உங்களைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது.

அலைகரையான்:
95 இடப்பெயர்வில் நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலி கடந்து மூட்டை முடிச்சோடு வந்தபோது இந்தக் கரடிக்கும் பாம்புக்கும் நடுவில்தான் கொட்டில் போட்டுத் தந்தோம். அப்போது சுற்றுலாச் சபையைக் கேட்டா வந்தீர்கள்?

நல்லூர்த் தேர்:
எனக்கு அப்போது ஆறு வயது ஐயா. எதற்கெடுத்தாலும் 95ஐ இழுக்காதீர்கள். போன முறை குளத்தைத் திறக்கிற திரியிலும் இதைத்தான் சொன்னீர்கள்.

அலைகரையான்:
அந்தத் திரியிலும் நான்தான் சரி.

கிளிநொச்சி ரீச்சர்:
மாமா, நீங்கள் சொல்லும் விதிகளை நானும் போய் வாசித்தேன். பெட்டி வைத்தவர் அதைத் தொடர்ந்து பராமரிக்க வேண்டும், சுற்றுலா வந்த இடத்தில் வைத்துவிட்டுப் போவதை ஏற்பதில்லை என்று இருக்கிறதே. ஆடியில் வைத்துவிட்டு விமானம் ஏறினால், மார்கழியில் குளம் வான் பாயும்போது யார் வந்து கொப்பியைக் காய வைப்பது?

எங்கள் பள்ளி மைதானத்துக்குள் சாப்பாட்டுப் பெட்டியை வைத்து, இணையத்தில் எதுவும் போடாமல், பிள்ளைகளுக்கு அட்சரேகை தீர்க்கரேகை படிப்பிக்கலாம் என்று நினைக்கிறேன். எல்லை தெரிந்த இடம், நாங்களும் நிற்போம்.

ரொறொன்ரோ மாமா:
பராமரிப்புக்குக் கிளிநொச்சியில் என் மச்சான் இருக்கிறார். அவர் பார்ப்பார்.

ரீச்சர், நீங்கள் சொல்வது ஜியோகேச்சிங் இல்லை. தளத்தில் பதியாத பெட்டி கணக்கில் வராது. பள்ளிக்கூட வளவுக்குள் பதியவும் விடமாட்டார்கள்.

கிளிநொச்சி ரீச்சர்:
கணக்கில் வராவிட்டால் வராமல் போகட்டும். எனக்கு ஏழாம் வகுப்புக் கணக்கு வந்தால் போதும்.

அலைகரையான்:
மாமா, மூன்றாம் தரம் கேட்கிறேன். அரைவாசி மண்ணுக்குள் இறக்கினால் அது புதைத்ததா, இல்லையா?

ரொறொன்ரோ மாமா:
அது வாளி! இது பெட்டி! அவர் வைத்தது 2000இல்! நான் வைக்கப்போவது மரப்பொந்தில்!! இதற்கு மேல் எந்த மொழியில் சொல்ல?

அலைகரையான்:
ஆம் அல்லது இல்லை.

மேலும், முத்தையன்கட்டில் வைப்பதென்றால் யாரிடம் அனுமதி எடுப்பீர்கள்? குளக்கட்டும் துருசும் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. காடு வனத் திணைக்களத்துக்கு. எங்கள் தகப்பன்மார் வெட்டிய காணிக்குள்ளேயே எல்லைக்கல் நட்டு, இது காடு என்கிறார்கள். எங்களுக்கே உள்ளே போக அனுமதி இல்லாத இடத்தில் ரொறொன்ரோவிலிருந்து வந்து பெட்டி புதைக்க அனுமதி கிடைக்குமென்றால், அந்தக் கடிதத்தை எனக்கும் ஒரு பிரதி எடுத்துத் தாருங்கள்.

ரொறொன்ரோ மாமா:
புதைக்க இல்லை!!!

கற்சிலைமடுக்காரன்:
நல்லூர்த் தேர் இன்னும் தேதிக்குப் பதில் சொல்லவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன்.

பரந்தன் மச்சான்:
மேலே "கிளிநொச்சியில் என் மச்சான் பார்ப்பார்" என்று எழுதியிருக்கிறது. அந்த மச்சான் நான்தான். பெட்டியைப் பற்றி என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பரந்தனிலிருந்து முத்தையன்கட்டுக்கு மோட்டார் சைக்கிளில் போய் வர எவ்வளவு பெற்றோல் என்று அத்தானுக்குத் தெரியுமா? போன ஆடியில் வந்தபோது தண்ணீர் மோட்டர் வாங்க அரைவாசிக் காசு தருகிறேன் என்றவர். இன்னும் வருகிறது.

ரொறொன்ரோ மாமா:
குடும்ப விஷயத்தை இங்கே ஏன் இழுக்கிறாய்? தனிமடலில் வா.

பரந்தன் மச்சான்:
தனிமடலில் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் இங்கே வந்தேன். வெங்காயம் காய்கிறது அத்தான்.

மல்லாவிப் பெடியன்:
எந்த மோட்டர், இரண்டு இஞ்சியா? மாங்குளத்தில் ஒருவர் பழையது ஒன்று விற்க நிற்கிறார், வேண்டுமென்றால் கேட்டுச் சொல்கிறேன்.

பரந்தன் மச்சான்:
இரண்டு இஞ்சிதான். மண்ணெண்ணெயா, கரண்டா? கரண்டு என்றால் வேண்டாம், தோட்டத்துக்கு இன்னும் லைன் இழுக்கவில்லை.